மூடியில் கட்டிய துணி

ஊரே கொண்டாடும் என் மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதுவதால் பொய் வரவில்லை. அந்த வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபோனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. கடிதம் என்றால் என் வாயை நீ அடைக்க முடியாது. பாதியில் மடித்து வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நேற்று நீ போயிருக்கும் ஊரில் உங்கள் ஆய்வாளர் சங்கம் நடத்திய பாராட்டு விழாவை டிவியில் பார்த்தோம். உன் அப்பா நடு ஹாலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஏய், அடுப்பை அணைச்சிட்டு வா, நம்ம பையன் வர்றான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். எரிபொருள் கலத்தில் பெரிய முன்னேற்றம் கண்ட மூன்று ஆய்வாளர்கள் என்று சொல்லி உங்களை மேடைக்கு அழைத்தார்கள். உன் இயக்குநர், உங்களோடு வேலை செய்யும் அந்த வெளிநாட்டுப் பெரியவர், நீ. பெற்ற வயிறு குளிர்ந்தது. நீ வாயைத் திறக்கும்வரை.

"இந்த யோசனையே எனக்கு எங்கம்மா சமையலறையிலதான் கிடைச்சுது. ஆவியில வேகவைக்கும்போது அம்மா மூடியில ஒரு துணி கட்டுவாங்க. ஒரு நாள் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்" என்றாய். அரங்கமே கைதட்டியது. உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எப்போதடா நின்றாய்? குடிக்கிற தண்ணீருக்குக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுப்பவன் நீ. சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது, சொல் பார்ப்போம். அன்று என் அடுப்புப் பக்கத்தில் நின்றவள் உன் பெண்டாட்டி.

உனக்கு அந்த நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ வீட்டிலேயே இல்லை. அவள் உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சுவரில் சாய்ந்து நின்றாள். "செல் மறுபடியும் மூழ்கிடுச்சு அத்தை" என்று அந்த எரிபொருள் கலத்தைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். உன் பழைய பாடப் புத்தகங்களும் நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் போட்ட சண்டைகளும்தான் என் படிப்பு. அதனால் அவள் சொன்னது புரிந்தது. ஹைட்ரஜனும் காற்றும் உள்ளே போனால் கரண்ட் வெளியே வரும், அதில் வண்டி ஓடும், புகைக்குப் பதிலாகத் தண்ணீர் மிஞ்சும். அந்தத் தண்ணீர் உள்ளே தேங்கினால் கலத்துக்கு மூச்சு முட்டும். மொத்தமும் வடிந்துபோனாலோ உள்ளே இருக்கும் மெல்லிய ஏடு காய்ந்து கிழியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நீங்கள் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் அவள் என் பாத்திரத்தைப் பார்த்தாள். "மூடியில எதுக்கு அத்தை துணி?" என்று கேட்டாள். "ஆவி சொட்டா விழுந்தா பலகாரம் சொதசொதன்னு ஆயிடும்மா" என்றேன். "ஆனா காஞ்சும் போகலையே?" என்றாள். "துணிதான் ஈரமா இருக்கே, எப்படிக் காயும்?" என்றேன். துணியின் ஒரு முனை மூடிக்கு வெளியே தொங்கி, அடுப்பை ஒட்டிய சிங்க்கில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த முனையை விரலால் தூக்கிப் பிடித்தாள். சொட்டு நின்றது. விட்டாள். மறுபடி சொட்டியது. "இந்த முனையை உள்ளயே வெச்சுக் கட்டிட்டா?" என்றாள். "துணியும் நிறைஞ்சு, அதுவே சொட்ட ஆரம்பிச்சிடும்" என்றேன். சுடுகிறது என்றுகூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு சாப்பிடாமல் திரும்ப ஆய்வுக்கூடத்துக்கே ஓடினாள். விரல் நுனி கொப்பளித்திருந்தது. ராத்திரி வீட்டுக்கு வந்த நீ அதைப் பார்த்து, "அம்மா, இவளைச் சமைக்க விடாதம்மா" என்று கேலி செய்தாய். ஞாபகம் வருகிறதா?

துணி கட்டியது நான்தான். என் பங்கு அதோடு முடிந்தது. எத்தனையோ வீட்டில் மூடிக்குத் துணி கட்டுகிறார்கள், அதை வைத்து யாரும் வண்டி ஓட்டவில்லை. கரியிழையில், அதான் கார்பன் நூலில், அப்படி ஒரு துணியை நெய்ய வைத்து, முனையை வெளியே விட்டு, அது கிழிந்து, அடைத்து, மறுபடி நெய்து, வயிற்றில் பிள்ளையோடு, வீங்கின காலை மேசைக்குக் கீழே கவிழ்த்த வாளிமேல் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தவள் அவள். உனக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் துணி உட்காரத் தகடுகளைச் செதுக்கினது நீ. அது சின்ன வேலை இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். உன்னுடையதை நீ வாங்கிக்கொள். யார் வேண்டாம் என்றது?

ஆய்வுக் கட்டுரை எழுதும்போது அவள் பிரசவ விடுப்பில் இருந்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரும் வந்தால் குடும்பக் கம்பெனி மாதிரி இருக்கும் என்று உன் இயக்குநர் சொன்னாராம். நீ வந்து அவளிடம், "விடேன், ஒரே வீட்டுக்குத்தானே வருது" என்றாய். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அப்போ உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடேன், ஒரே வீடுதானே" என்றாள். நீ சிரித்தாய். சிரிப்பு ஒரு பதிலாகாது.

ஒரே வீடுதான், மறுக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த வீட்டுக் கணக்கை நான் எழுதுகிறேன். உன் அப்பாவின் கண்ணாடிச் செலவை உன் பெயரில் எழுதினதுண்டா? ஒரே பெட்டியிலிருந்து போனாலும் யாருக்கு ஆனதோ அவர் பெயரில்தான் நிற்கும். பெயர் மாறினால் அதற்குப் பெயர் கணக்கில்லை, புளுகு.

அதற்குமேல் என்னை எதற்கு இழுத்தாய்? அவள் பெயரை விட்டது ஒரு தப்பு. விட்ட இடம் தெரியாமல் இருக்க அம்மாவைத் தூக்கி முன்னால் நிறுத்தினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்று காலை மாடி வீட்டு அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "இனிமே உங்க வீட்டுச் சட்டியைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போகணும் போல!" என்றார். எனக்குப் பின்னால் உன் பெண்டாட்டி கையில் குழந்தையோடு நின்றிருந்தாள். "ஆமாங்க, அத்தை சட்டிதான்" என்று அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்கு விளக்கேற்றக்கூட மனசு வரவில்லை. பொய்ப் புகழோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாமி முன்னால் நிற்பது?

இதுவரை எழுதி மூடி வைத்திருந்தேன். இப்போது சாயங்காலம். அவள் நேர்காணலுக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். உனக்குத் தெரியும், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஆய்வுக்கூடம். குழந்தை பிறந்த பிறகு அவள் வெளியே எடுத்து வைத்த முதல் அடி. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "அட, இது உங்க மாமியார் கண்டுபிடிச்சதாமே, டிவில பார்த்தோமே! நீங்க என்ன பண்ணீங்க, ருசி பார்த்தீங்களா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். இவள் எழுந்து போய்ப் பலகையில் முழுவதையும் வரைந்து விளக்கியிருக்கிறாள். "இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் கட்டுரையில இருக்கிறதுதானே" என்று இன்னொருவர் சொன்னாராம். திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம்.

என்னிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "விடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள். குழந்தையைத் துவட்டி ஹாலில் தவழ விட்டுவிட்டு, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் மட்டும் திறந்தே ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் கதவைத் தட்டவில்லை. தட்டி என்னவென்று சொல்வேன், இதற்கெல்லாம் காரணம் என் மகன்தான் என்றா?

உன் அப்பா, "பையன் இப்பத்தான் நாலு பேர் மத்தியில நிக்கிறான், விழா முடியட்டும், அப்புறம் எழுது" என்கிறார். விழா முடிந்த பிறகு எழுதி என்ன ஆகப் போகிறது? வெள்ளிக்கிழமை பெரிய விழா. விருதைக் கையில் வாங்கிக்கொண்டு நீ பேசப் போகிறாய். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் கேட்பார்கள். திங்கட்கிழமை அவளுக்கு வேலையா, இல்லை மாமியார் சட்டியைக் கழுவுகிற வேலையா என்பது உன் நாக்கில் இருக்கிறது. "என் மனைவியின் பொறுமைக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிடாதே. பொறுமைக்கு யாரும் விருது கொடுப்பதில்லை. துணி யாருடைய யோசனை, தகடு யாருடைய வேலை, அதைச் சொல். பக்கத்தில் இயக்குநர் உட்கார்ந்திருப்பார். உட்காரட்டும். அவர் முகம் கறுத்தால் இரண்டு நாளில் வெளுத்துவிடும்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்துவிடுவாள். அவளுக்கு ரோஷம் அதிகம். அதுவும் நல்லதற்குத்தான்.

நீ அனுப்பச் சொன்ன சாம்பல் நிறக் கோட்டு இதே பார்சலில் இருக்கிறது. நேர்காணலுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அதை இஸ்திரி போட்டு மடித்து வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்பையில் நான் ஒன்று வைத்திருக்கிறேன். அந்தத் துணிதான். நன்றாகத் துவைத்துக் காயவைத்தேன், மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. மேடையில் காட்டுவதற்காக இல்லை. எடுத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கினாயோ, அப்புறம் நான் உன்னோடு பேசமாட்டேன். பேசும்போது கை அதில் படட்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டிவி பார்க்கப் போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். நான் விடமாட்டேன். கையைப் பிடித்து இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைப்பேன். நீ பேசி முடிக்கும்வரை அந்தக் கையை விடமாட்டேன். அதற்கப்புறமும் அந்தக் கையைப் பிடித்திருக்க எனக்கு யோக்கியதை இருக்கிற மாதிரி பேசு, கண்ணு.

தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்காற்றில் நிற்காதே. சாமி உன் வாயில் உண்மையை வைக்கட்டும். எல்லோரும் நலம் என்ற வரிக்குக் கடிதத்தின் தலைப்பில் இடம் விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீதான் அதை எழுத வேண்டும்.

உன் அம்மா