நான் ருசி பார்க்காத முதல் கேக்

ஏனுங்க,

இன்று காலை உங்கள் தகர அடுப்பைத் துடைத்து வைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். உள்ளே மணலில் இன்னும் லேசான சூடு இருந்தது. கருக்கின சர்க்கரையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். துடைக்க மனம் வரவில்லை. கதவை மூடிவிட்டு உள்ளே வந்து, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வீர்கள். முறுக்காகவே இருக்கட்டும், நீங்கள் படித்துவிடுவீர்கள்.

நேற்று இந்த அடுப்பில் நம் ஜெசியின் கல்யாணத்துக்குக் கேக் சுட்டேன். ஆமாம், பெரியவன் மகள் ஜெசிதான். உங்கள் மடியை விட்டு இறங்காமல் கிடந்தவள் இப்போது பெங்களூரில் நர்ஸ். இரவு பகல் பார்க்காமல் அடுத்தவர் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது. கேக்குக்கு வருகிறேன். அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நேற்று நடந்தது புரியும். உங்களுக்குத் தெரிந்த கதையானாலும் இன்னொரு தடவை கேளுங்கள்.

கல்யாணமாகி நான் மைசூருக்கு வந்த வருஷம் வரைக்கும் கேக் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில், எங்கள் ஊர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் என்றால் கச்சாயமும் பொரியும்தான். நீங்கள் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து திராட்சையும் பேரீச்சையும் வாங்கி வந்து, "இதையெல்லாம் பொடியா நறுக்கு" என்று என் முன்னால் கொட்டினீர்கள். நறுக்கிக்கொண்டே எதற்கு, ஏன் என்று நூறு கேள்வி கேட்டேன். மாவு கலக்கும்போது, உங்கள் அம்மா அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து, ஒரு கை கேழ்வரகு மாவும் கொஞ்சம் சுக்குத் தூளும் போட்டுவிட்டேன். கேழ்வரகு சேராத பலகாரம் எங்கள் ஊரில் பலகாரமே இல்லை.

அந்தக் காலத்தில் யார் வீட்டிலும் கேக் சுடுகிற அடுப்பு கிடையாது. மாவை வீட்டில் கலந்து தட்டில் ஊற்றி நம் மொஹல்லாத் தெரு முனைப் பேக்கரிக்குக் கொண்டு போக வேண்டும். ரொட்டி சுட்டு முடித்த சூட்டில் நம் தட்டை உள்ளே தள்ளிச் சுட்டுத் தருவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தெருவே தட்டும் கையுமாகப் போகும். எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஓரத்தில் செருகி வைப்பார்கள். நானும் உங்கள் பெயரை அழகாக எழுதிச் செருகினேன். போதாது என்று ஆரஞ்சுத் தோலைக் கீறி மேலே சிலுவை மாதிரி வைத்தேன்.

அடுப்புச் சூட்டில் காகிதம் கருகிப்போகும் என்று எனக்கெப்படித் தெரியும்? தெருவில் பாதிப் பேருக்கு இதே கதிதான். சாயங்காலம் நீங்கள் கொண்டு வந்த தட்டில் மேலே முந்திரிப் பருப்பு வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. "இது நம்முது இல்லைங்க" என்றேன். உங்கள் அம்மா, "முந்திரி போட்டுத் தந்திருக்கான்னா சந்தோஷமா வாங்கிக்கோயேன்" என்றார். நீங்கள் திரும்ப ஓடினீர்கள். பேக்கரிக்காரர் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, எல்லாத் தட்டும் போய்விட்டது, எதுவானாலும் கேக்தானே, பிள்ளை மாறிப்போன மாதிரி ஏன் பதறுகிறாய் என்றாராம்.

எனக்கு அது பிள்ளை மாறிப்போன மாதிரிதான் இருந்தது. பூசைக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. மேலே முந்திரியைக் காணோமே என்று தேடியிருப்பார்கள். கடித்ததும் சுக்கு உறைத்திருக்கும். துப்பினார்களா, தின்றார்களா? "ஏனுங்க, தூக்கி வீசியிருப்பாங்களா?" என்று கேட்டேன். "பசியோட இருக்கிற வீட்டுக்குப் போயிருந்தா வீச மாட்டாங்க" என்றீர்கள். அது எனக்குச் சமாதானமாகவே இல்லை. அந்த முந்திரிக் கேக் வேறு அவ்வளவு ருசியாக இருந்து தொலைத்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் நீங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய எண்ணெய் டின் ஒன்றை வாங்கி, வெட்டித் தட்டி, உள்ளே தட்டு வைக்கக் கம்பி கட்டி, பக்கத்தில் ஒரு கதவும் வைத்து இந்த அடுப்பைச் செய்துவிட்டீர்கள். கீழே மணல், அதற்கும் கீழே கரி, மேலே மூடியிலும் கரி. "இனிமே உன் கேக் உன் வீட்டை விட்டுப் போகாது" என்றீர்கள். ஒரு புருஷன் பெண்டாட்டிக்குப் பட்டுப்புடவை வாங்கித் தருவான். எனக்குத் தகர டின் கிடைத்தது. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

அன்றிலிருந்து கலக்குவது நான், சுடுவது நீங்கள். உங்கள் அடுப்பு எனக்குப் பிடிபடவும் இல்லை, நீங்கள் விடவும் இல்லை. கதவைப் பாதியில் திறந்தால் கேக் நடுவில் இறங்கிவிடும் என்று என்னைப் பின்கட்டுக்கே வர விட மாட்டீர்கள். கடிகாரமும் பார்க்க மாட்டீர்கள். கரிக்கும் கடிகாரத்துக்கும் என்ன உறவு என்பீர்கள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிடுவீர்கள். மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதியை நீங்கள் அங்கிருந்து சொல்வீர்கள், அடுத்த பாதியை நான் அடுப்படி ஜன்னல் வழியாகச் சொல்வேன். என் கை குல்குல் பலகாரம் உருட்டிக்கொண்டிருக்கும், வாய் உங்களுக்குப் பதில் சொல்லும்.

சண்டை போட்ட நாளிலும் அப்படித்தான். காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டோம். நீங்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவீர்கள். நான் பதில் சொல்லாவிட்டால் மாதா அந்தரத்தில் நிற்பாள். முணுமுணுப்பாக ஆரம்பிப்பேன், முதல் மாலை முடிவதற்குள் குரல் சரியாகிவிடும். இரண்டாம் மாலை முடிந்ததும், "இந்தா, டீ வைக்கிறியா?" என்பீர்கள். நம் சண்டையெல்லாம் அந்த ஜன்னலில்தான் முடிந்தது.

டீ வைத்துக்கொண்டே ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், "முடிஞ்சுதா? எடுக்கலாமா?"

"இரு. விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

"யாரை?"

"கேக்கைத்தான்."

பிறகு வெகுநேரம் சத்தமே வராது. கரி தணியக் காத்திருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டேன். டீ ஆறும் நேரத்தில் தட்டோடு உள்ளே வருவீர்கள். ஒரு தடவைகூட அது இறங்கினதில்லை.

நீங்கள் போனபின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு நான் கரி மூட்டினேன். முதல் பாதியும் நானே, இரண்டாம் பாதியும் நானே. இரண்டு மாலை சொல்லி முடித்துக் கதவைத் திறந்தேன். பொங்கியிருந்த கேக் என் கண் முன்னாலேயே மெதுவாக உட்கார்ந்தது, பெருமூச்சு விட்ட மாதிரி. நடுவில் மாவு பச்சை. மைதா சரியில்லை என்று நினைத்து அடுத்த வருஷம் வேறு கடையில் வாங்கினேன். அப்போதும் இறங்கியது. கரி ஈரமோ என்று வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். இந்த நவம்பரில் வெள்ளோட்டமாக ஒன்று சுட்டபோது, பதில் சொல்ல ஆள் இல்லாததால் நான் வேகமாக ஜெபிக்கிறேனோ என்று தோன்றியது. ஒவ்வொரு மணியிலும் நீங்கள் நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்த்து, பிறகு நானே பதில் சொன்னேன். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்கு மாதிரி இருந்திருக்கும். அதுவும் பச்சை. பிறகு ஒன்றை மனம்போன போக்கில் விட்டு வைத்தேன், அடி கருகிப்போனது.

இதற்குள் மருமகள் ஸ்டெல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. போனில் மூன்றடுக்குக் கேக் படத்தைக் காட்டி, "அத்தை, இப்பவே சொன்னாத்தான் பேக்கரியில செய்வாங்களாம்" என்றாள். நம் பிள்ளைகள் எல்லார் கல்யாணத்துக்கும் இந்த அடுப்புக் கேக்கைத்தான் வெட்டினார்கள், பேத்திக்கு மட்டும் கடைக் கேக்கா என்றேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். சனிக்கிழமை ஒரு தடவை சுட்டுப் பார்ப்பது. இறங்கினால் கடைக் கேக். அதற்குப் பிறகு இந்த டின்னைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பற்றிப் பெரியவன் மெதுவாக ஏதோ சொல்ல வந்தான். நான் காது கேட்காத மாதிரி எழுந்து போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நேற்றுதான். ஜெசி லீவு போட்டு வந்திருந்தாள். கரி மூட்டி, தட்டை உள்ளே வைத்து, உங்கள் பக்கெட்டில் உட்கார்ந்தேன். ஜெசி ஜன்னலுக்கு உள்ளே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் முதல் பாதியைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன். உள்ளேயிருந்து பதில் வந்தது. அவள் தமிழ் பாதி கன்னடமாகிவிட்டது, ஜெபம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. அடுத்த மணிக்குப் போக முடியவில்லை. "ம், சொல்லுங்க அஜ்ஜி" என்று அதட்டினாள்.

இரண்டு மாலை முடிந்தது. நான் எழுந்து கந்தைத் துணியால் கதவைப் பிடித்தேன்.

"பேடா, வேண்டாம் அஜ்ஜி! திறக்காதீங்க. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே."

"என்னடி பாக்கி?"

"தாத்தா மூணாவது ஒரு மாலை சொல்வாரே, வாயைத் திறக்காம. நான் மடியில உக்காந்து மணி தள்ளுவேன். உங்களுக்குத் தெரியாதா?"

துணி என் கையில் சூடாகிக்கொண்டிருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன்.

"கேக் மாறிப்போச்சாமே, அந்த வீட்டுக்காரங்களுக்கு. 'உங்க அஜ்ஜி செஞ்ச முதல் கேக்கைச் சாப்பிட்டவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்'னு தாத்தா சொல்வார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீங்க மறுபடியும் அந்தக் கேக்கைப் பத்தியே பேச ஆரம்பிச்சுடுவீங்களாம். காது வலிக்குமாம்."

ஏனுங்க, இது நியாயமா? சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி பக்கெட்டில் உட்கார்ந்தேன். ஜெசி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் கையிலிருந்த மாலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல் ஆரம்பித்தோம். மனதுக்குள் சொல்லும்போது ஜெபம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று நேற்றுத்தான் பார்த்தேன். நடுநடுவே நினைப்பு வேறெங்கோ போய்விட்டு வருகிறது. முந்திரி வாங்கி அடுக்கினவள் யாராக இருக்கும்? அவளும் புதுப்பெண்தானா? தன் முந்திரிக்காக அவளும் வழியெல்லாம் அழுதாளா? இத்தனை காலமும் நான் என் கேக்கை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பதை நீங்கள் அன்றைக்கே பார்த்துவிட்டீர்கள்.

மாலை முடிந்ததும் கதவைத் திறந்தேன். ஸ்டெல்லாவும் வந்து வாசற்படியில் நின்றாள், போன் கையில். கேக் அசையவில்லை. நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி இழுத்தேன், பிசிறில்லாமல் வந்தது. குச்சியை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "மேல பூ மட்டும் கடையில போட்டுக்கலாமா அத்தை?" என்றாள். பூ தாராளமாகப் போட்டுக்கொள் என்றேன். டின்னைப் பற்றிப் பெரியவன் இனி வாய் திறக்க மாட்டான்.

கேக் இப்போது வெள்ளைத் துணி சுற்றி அலமாரியில் இருக்கிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஸ்டெல்லா அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் ஒரு கை கேழ்வரகு மாவும் கொஞ்சம் சுக்கும் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது மாலை இனி என் பொறுப்பு. கேக் சுடுகிற நாளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்து, நம் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு மாலை சொல்லி முடித்த பிறகு, பெயர் தெரியாத அந்த வீட்டுக்கும் சொல்கிறேன். இப்போது அங்கே பேரன் பேத்திகள் இருப்பார்கள். நல்லா இருக்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். நமக்கு வயதான மாதிரி அவர்களுக்கும் ஆகியிருக்கும். அந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது இதற்குள் அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள். விசாரியுங்கள். ஆரஞ்சுத் தோலில் சிலுவை வைத்த கேக் என்று சொன்னால் நினைவு வரும். முந்திரிக் கேக் நன்றாக இருந்தது என்று முதலில் சொல்லிவிடுங்கள், அதுதான் மரியாதை. பிறகு கேளுங்கள்: சுக்கு உறைத்ததா, இல்லையா?

நான் வந்ததும் எனக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.