இரண்டாம் தளத்துக்கு யார் போவது

ஜேன்ஸ்வில், ஓஹையோ
திங்கள், 7 மே 1923

திரு. மார்ட்டின் ஹெனெகன் அவர்களுக்கு,

ஏப்ரல் கடைசியில் என் கணவருக்கு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அவருக்கு வரும் கடிதங்களை இப்போது நான்தான் பிரித்துப் படித்துக் காட்டுகிறேன். உங்களுடையதை முழுவதும் படித்துக் காட்டவில்லை. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருப்பது கையெழுத்திலேயே தெரிவதால் அதை விசாரிக்கவில்லை.

முதலில் பதில். வர முடியாது. 30ஆம் தேதி புதிய பார்வையாளர் மேடை திறக்கும் விழாவுக்கு எமில் வரமாட்டார். அன்று நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் வேடிக்கையிலும் அவர் நிற்கமாட்டார். "ரெண்டு பேரும் பழையபடி மரம் மாதிரி நிப்போம், பந்து நடுவுல போகட்டும், ஜனங்க வயிறு வலிக்கச் சிரிக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊர் பதினான்கு வருடங்களாக எமிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காக யாரும் செயின்ட் பால் நகரிலிருந்து ரயிலேறி வர வேண்டியதில்லை.

அவரால் நிற்கவும் முடியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள் கேட்டதும் இல்லை. பேஸ்பால் ஆட்டத்தைக் கைவிட்ட பிறகு ஒன்பது வருடம் ஓடு தொழிற்சாலையில் அச்சு அழுத்தும் அறையில் வேலை பார்த்தார். அந்தக் களிமண் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மருத்துவர் மே மாதத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். ஜூனைப் பற்றி நானும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. அதை நான் இருபது முறையாவது படித்திருப்பேன். லத்தீன் சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. "அந்த ஆட்டத்தன்னைக்கு ராத்திரி என் உதட்டுக்கு நடுவுல ஒரு கரண்டி நுழையல, எமில். ஆறாவது இன்னிங்ஸ்லேருந்தே ஒட்டிப்போச்சு. தங்கியிருந்த வீட்டம்மா மக்ரோனிக் குழல் வழியாத்தான் சூப்பு குடிக்க வெச்சாங்க!" ஆச்சரியக்குறிகூடப் போட்டிருக்கிறீர்கள்.

என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்குப் புரியவில்லை என்றே நினைக்கிறேன். அதனால் இந்த விளையாட்டையே பார்த்திராத ஒருவருக்குச் சொல்வதுபோல உங்களுக்குச் சொல்கிறேன்.

எதிரணியின் ஓட்டக்காரன் மைதானத்து மூலையில், முதல் தளத்தில் நிற்கிறான். நம் பந்தெறிபவர் கையை வீசியதும் அவன் இரண்டாம் தளத்தைத் திருட, அதாவது பந்து அடிபடும் முன்பே பிடித்துவிட, ஓடுவான். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பந்தை அங்கே வீசுவார். யாராவது ஒருவர் தளத்துக்கு ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும். அந்தத் தளத்துக்கு ஒரு பக்கம் எமில், மறுபக்கம், எமிலுக்கு வலப்பக்கமாக, ஷார்ட்ஸ்டாப்பாக நீங்கள். இருவருமே ஓடினால் மட்டையடிப்பவனுக்கு மைதானம் திறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நீங்கள் கையுறையால் முகத்தை மறைத்துக்கொண்டு எமில் பக்கம் திரும்புவீர்கள். வாய் மூடியிருந்தால் 'நான் போகிறேன்'. திறந்திருந்தால் 'நீ போ'. எட்டு வருடம், ஒவ்வொரு பந்துக்கும். சர்ச்சில் தலைகுனிவதுபோல அது உங்கள் இருவருக்கும் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

1909 செப்டம்பர் 18, சனிக்கிழமை. பட்டத்தை முடிவு செய்யும் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு பந்து கூழாங்கல்லில் பட்டு எகிறி உங்கள் முகத்தில் அடித்தது. உதடு கிழிந்தது. அயோடின் தடவி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தொடர்ந்து ஆடினீர்கள். அது வீரம்தான், மறுக்கவில்லை. ஒன்பதாவதில், அதாவது கடைசி இன்னிங்ஸில், இரண்டு அணியும் சமநிலை. அவர்கள் மட்டையடிக்கிறார்கள். முதல் தளத்தில் இருந்தவன் ஓடினான். கேட்சர் வீசினார். தளத்தில் யாருமே இல்லை.

பந்து வெளிமைதானத்துக்குப் போனது. மட்டையடிக்கப் போகும்போது கையுறையைப் புல்லிலேயே எறிந்துவிட்டுப் போவது உங்கள் எல்லோருக்கும் வழக்கமாயிற்றே, அப்படி எதிரணிக்காரன் ஒருவன் போட்டுவிட்டுப் போன கையுறையில் பந்து பட்டு வேறு பக்கம் திரும்பியது. நம் ஆள் ஒரு பக்கம் ஓட, பந்து மறுபக்கம் உருண்டது. ஓட்டக்காரன் 'வீடு' எனும் கடைசித் தளம் வரை வந்து சேர்ந்தான். நம் முறையில் மூன்று பேரும் அவுட், பட்டம் போயிற்று.

நான் முதல் தளத்துக்கு அப்பால், வலப்பக்கத்து மலிவு இருக்கையில் இருந்தேன். கையுறை உங்கள் முகத்தை மட்டையடிப்பவனிடமிருந்துதான் மறைக்கும். என் பக்கமிருந்து நன்றாகவே தெரியும். அதனால்தான் எங்களுக்குக் கல்யாணமான பிறகு ஆறு பருவமும் அங்கேயே உட்கார்ந்தேன். விளையாட்டு எனக்கு வெகுநாள் பிடிக்கவில்லை, மாணவிகளின் பயிற்சித்தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த வாயை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டேன். அன்று உங்கள் வாய் மூடியிருந்தது. ஆட்டத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆட்டம் முடிந்து வீரர்களின் அறைக்கு வெளியே, பலகைச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். மேலாளர் லஸ்க் போட்ட சத்தம் ஆற்றுப்பாலம் வரை கேட்டிருக்கும். "எவன்டா அங்க போகணும்? சொல்லுங்கடா, எவன்?" எமில் மெதுவாகச் சொன்னார்: "மார்ட் வாய் மூடியிருந்துச்சு. அவன் போவான்னு நின்னேன்." பிறகு உங்கள் குரல், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல: "தெறந்துதான்டா வெச்சிருந்தேன்." வாயைத் திறக்கவே முடியாத ஒருவர் திறந்து வைத்திருந்தேன் என்று சொல்கிறார். அறையில் பதினைந்து பேர் அதைக் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கே முழுதாகத் தோன்றவில்லை, உங்கள் சூப்புக் கதையைப் படிக்கும் வரை.

அன்று பார்வையாளர் மேடையில் பெரிய லீக்குக்கு ஆள் தேடி வந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எமிலைப் பார்க்க வந்தவர். உங்களுக்கும் தெரியும். எமிலோடு போவதற்காக நான் பள்ளியில் விடுப்புக்குக்கூட எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் உங்களை அழைத்துப் போனார். ஒன்பது வருடம் அங்கே ஆடினீர்கள். இங்கே செய்தித்தாளில் எமிலுக்குக் 'கம்பம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் அணி அவரை விடுவித்தது. இண்டியானா, பிறகு அயோவா, அங்கிருந்து பெயரே இல்லாத லீக்குகள். எங்கே போனாலும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் இறங்கியிருந்தது. தொழிற்சாலையில், "ஏ கம்பம், நகருய்யா, தட்டு வருது!" என்பார்கள். ஒரு நாள் என் வகுப்பறைக் கரும்பலகையில், லத்தீனில், 'கம்பத்தின் மனைவி' என்று எழுதியிருந்தது. வேற்றுமை உருபு சரியாகவே இருந்தது. அதனால் மதிப்பெண் கொடுத்தேன்.

அந்தப் பெயர் வைத்தபோதே ஆட்டத்தாளை எடுத்துக்கொண்டு செய்தித்தாள் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். "அம்மா, பொண்டாட்டி கண்ணுக்குப் புருஷன் எப்பவுமே சேஃப்தான், அவுட்டே ஆகமாட்டான்" என்று சிரித்தார்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான். உங்கள் உதட்டைப் பற்றிய அந்த வரியை, ஆச்சரியக்குறி இல்லாமல், அதே செய்தித்தாளுக்கு உங்கள் கையெழுத்தோடு எழுதி அனுப்புங்கள். எமில் உயிரோடு இருக்கும்போதே அது அச்சில் வர வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால்

வியாழன், 10 மே

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கவும் போவதில்லை. தாளை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்களன்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது எமில் விழித்துக்கொண்டார். "டீச்சரம்மா, பேனா அந்தக் கீறு கீறுது. யாருக்கு மார்க்கு கொறைக்கிற?" என்றார். உங்களுக்கு என்றேன். பிறகு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். பதினான்கு வருடம் காத்திருந்த சாட்சியைக் கையில் கொடுப்பதுபோலத்தான் படித்தேன்.

அவர் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். "மக்ரோனியா! அந்த வீட்டம்மா அத ஒழுங்கா வேகவே வைக்காதே!" என்றார். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும், ஹெஸ்டர்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததுமே உங்கள் உதடு பிரியவில்லை என்று அவர் கவனித்துவிட்டாராம். "அதுக்கப்புறம் அவன் வாயப் பாக்குறதையே விட்டுட்டேன். காலப் பார்த்தேன். மார்ட் போறதா இருந்தா இடது குதிங்கால் லேசாத் தூக்கும். அவனுக்கே அது தெரியாது. ஏழு, எட்டு, ரெண்டு இன்னிங்ஸ் காலப் பார்த்தே ஓட்டிட்டேன். ஒம்போதாவதுல கூட்டம் கத்துச்சு, கண்ணு பழக்க தோஷத்துல வாய்க்குப் போயிடுச்சு. மூடியிருந்துச்சு. நின்னுட்டேன். குதிங்கால் தரையிலதான் இருந்திருக்கும். நான் பாக்கல."

இதை ஏன் லஸ்கிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லி? 'உதடு கிழிஞ்சவன ஏன் ஆட விடறீங்க'ன்னு ஆறாவதுலயே நான் கேட்டிருக்கணும். ஆட்டத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, 'மார்ட், இனிமே கையக் காட்டு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். அத்தன பேர் முன்னாடி ஆட்டத்த நிறுத்தக் கூச்சமா இருந்துச்சு. தப்பு என்னோடது. அவன் தெறந்தேன்னு நெனச்சிருப்பான். மரத்துப்போன உதட்டுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அந்தச் சாத்தியம் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பல் பிடுங்கிய நாளில் என் உதட்டை நானே கடித்துக்கொண்டு தெரியாமல் இருந்தவள்தான் நானும். இருந்தும் தோன்றவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஒரு வழக்கை இத்தனை வருடம் நடத்தினேன். முக்கிய சாட்சி என் எதிரே உட்கார்ந்து தினமும் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் செய்தித்தாள் ஆசிரியரிடம் போனதும், சண்டை போட்டதும் அவருக்குத் தெரியும். ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டேன். "ஒருத்தராவது என் பக்கம் இருக்கட்டும்னுதான்" என்றார். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவருக்கு மிஞ்சியிருக்கும் நாட்களில் அது இரண்டு நாள்.

உங்கள் மேல் எனக்கு இருப்பது அப்படியே இருக்கிறது. நீங்கள் திறந்ததாகவே நினைத்திருக்கலாம். ஆனால் அன்று இரவு கரண்டி நுழையாதபோது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை லஸ்க் இதே ஊரில்தான் இருந்தார். நீங்கள் தங்கியிருந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு. அந்த நான்கு தெருவை நடந்து வந்து சொல்ல உங்களுக்கு ஒன்பது வருடமும் அதன் பிறகு ஐந்து வருடமும் போதவில்லை. எமில் மன்னித்துவிட்டார் என்பதை என் கணக்கில் எழுத வேண்டாம்.

செய்தித்தாளுக்கு எழுதச் சொன்னதை விட்டுவிடுகிறேன். அவர் வேண்டாம் என்கிறார். "அந்தப் பேப்பர்காரன் அதுலயும் ஏதாச்சும் பட்டப்பேரு கண்டுபிடிப்பான்" என்கிறார்.

அவர் கேட்பது வேறு. நேற்று சாயங்காலம் தானாகவே சொன்னார்: "அவன வரச் சொல்லு. கூத்துக்கு இல்ல. சும்மா." அவர் என்னிடம் எதையும் கேட்கிற மனிதர் இல்லை. தண்ணீர்கூடத் தானே எடுக்கப் பார்ப்பார்.

ஆகவே வாருங்கள். 30ஆம் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். கொலம்பஸிலிருந்து இரண்டு மணிக்கு ரயில் இருக்கிறது. படம் எடுப்பவர்கள் யாரையும் கூட்டிவர வேண்டாம். வீட்டுக்குள் சுருட்டுக் கூடாது. புகை அவருக்கு ஆகாது. 'கம்பம்' என்ற சொல்லை என் வாசற்படிக்கு இந்தப் பக்கம் யாரும் சொல்லக் கூடாது. என்னோடு நீங்கள் பேச வேண்டியதில்லை. நான் சமையலறையில் இருந்துகொள்வேன்.

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. நாற்காலியை அவருடைய வலப்பக்கம் போட்டு வைத்திருக்கிறேன். தூக்கத்தில் இருமுவதற்கு முன்னால் அவர் தலை அந்தப் பக்கம்தான் திரும்புகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருகிறது. பல வருடமாக அப்படித்தான். ஜன்னல் வெளிச்சத்துக்காக என்று நினைத்திருந்தேன். நேற்று ஜன்னல் திரையை மூடிப் பார்த்தேன். அப்போதும் அந்தப் பக்கம்தான் திரும்பினார்.

ஹெஸ்டர் ப்ரான்ட்னர்

பின்குறிப்பு: சூப்பு வைத்திருப்பேன். கரண்டியும் இருக்கும். சீக்கிரம் வாருங்கள்.