உங்கள் தரையைத் தேய்க்கிறேன், அத்தை

ஈரக்காலோடு வந்தால் என்னை வாசற்படியிலேயே நிறுத்தி வைத்த அத்தைக்கு, உங்கள் வசந்தா எழுதுவது.

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் பதில் வராது. அதற்கும் சேர்த்து அழ இப்போது எனக்குத் தெம்பில்லை. நம் வீட்டுச் சேதியை மட்டும் சொல்கிறேன். உங்கள் செவலைக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அத்தை. இடது பின்னங்கால், தொடையோடு.

பதறாதீர்கள், நாய் உயிரோடுதான் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்றுதான் தெரியவில்லை. நாளைக் காலையில் நம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் அது எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று உங்கள் மகன் சொல்லிவிட்டார். அது எந்த ஊசி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

நடந்தது இதுதான். கார்த்திகை பிறந்ததும் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நம் தெருமுனை வழியாகப் போகத் தொடங்கிவிடும் அல்லவா? தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிக் கரும்பை உருவும். நம் செவலை கரும்பு தின்னாது, ஆனால் ஊர்வம்பு ஒன்றையும் விடாது. அதுவும் ஓடியிருக்கிறது. டிரெய்லர் சக்கரம் காலில் ஏறிவிட்டது. டிராக்டர் ஓட்டியவர் இறங்கி வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் கட்டுப் போட்டுப் பார்த்தார். கால் கறுத்துப்போய் நாற்றம் எடுத்தது. "இந்தக் காலு இனிமே தேறாதும்மா. வெச்சிருந்தா உசுருக்கே வந்துடும். புதுச்சேரிக்குக் கொண்டுகிட்டுப் போங்க" என்றார். உங்கள் மகன் இப்போது சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார், அது உங்களுக்குத் தெரியாது. பீங்கான் சாமான் உடையாமல் இருக்கப் பரப்புகிற வைக்கோலில் செவலையைப் படுக்கவைத்தோம். போகிற வழியெல்லாம் மழை. நான் பின்னால் அதன் தலையை மடியில் வைத்து, ஒரு கையால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு போனேன்.

அங்கே அதன் காலை எடுத்த டாக்டரம்மா தைரியமாகப் பேசினார். "மூணு காலு போதுங்க. நாயி நம்மள மாதிரி போன கால நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காது. சீக்கிரம் நிக்க வெச்சிடுங்க, அப்புறம் அதுவே ஓடும். படுக்கையில மட்டும் வுட்டுடாதீங்க." நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நம் வீட்டுத் தரையின் நினைப்பே எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் இறக்கியதும் அது எழுந்துவிட்டது, அத்தை. நிஜமாகத்தான் சொல்கிறேன். மூன்று காலில் நின்று என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஓர் எட்டு வைத்தது. மிச்சமிருந்த ஒரே பின்னங்கால் டைல்ஸில் வழுக்கி, தையல் போட்ட பக்கமாகவே விழுந்தது. அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். பிரிந்த தையலை மறுபடி போட வேண்டியதாயிற்று. அன்றைக்குப் படுத்ததுதான், பிறகு தானாக எழுந்திருக்கவில்லை.

உங்கள் தரை அப்படிப்பட்ட தரை. சாணி மெழுகிய மண்ணிலும் வெடித்த சிமெண்டிலும் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, "செராமிக் ஊருல இருந்துக்கிட்டு சிமெண்டுத் தரையிலயா சாவுறது?" என்று பிடிவாதம் பிடித்துப் போட்ட டைல்ஸ். அடுப்படி, கூடம் என்று ஓர் இடம் விடவில்லை. தினமும் நீங்களே உட்கார்ந்து துடைப்பீர்கள். குனிந்தால் முகம் தெரியும். அதில் நான் ஈரக்காலோடு நடக்கக் கூடாது, உங்கள் மகன் செருப்போடு நடக்கக் கூடாது. சூளையோரச் சூட்டில் கிடந்த குட்டியென்று நீங்கள் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்த செவலை மட்டும் சேற்றுக்காலோடு வந்து நடுக்கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். அந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெளியே போடலாமே என்பீர்கள். விடாத மழை, கொல்லையெல்லாம் சேறு, புண் வாடைக்குத் தெருநாய்கள் வேலியோரம் வந்து நிற்கின்றன. உள்ளே சாக்கு விரித்தேன், சாக்கோடு சேர்ந்து வழுக்கியது. தேங்காய்நார் மிதியடி, ரப்பர் விரிப்பு எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. எதைப் போட்டாலும் அடியில் இருப்பது எது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. விரிப்பின் ஓரத்தில் தரை மின்னுவதைப் பார்த்தாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது.

துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிக் கொல்லைப்படிக்குக் கொண்டு போகிறேன். தூக்கினால் வலிக்கிறது, முனகுகிறது. ஆண்பிள்ளை வேறு. நான் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மூத்திரம் போக மாட்டேன் என்கிறது. எந்தக் காலைத் தூக்குவது என்று யோசிக்கிறதோ என்னவோ. உள்ளே கொண்டு வந்து படுக்கவைத்தால் தூக்கத்தில் கசிந்துவிடுகிறது. விழித்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் துடைக்கிறேன்.

தையலை நக்காமல் இருக்கப் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். முதலில் மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. இப்போது பழத்தையும் தின்பதில்லை. தயிர்சோறு வேண்டாம், முட்டை வேண்டாம். கருவாட்டைக்கூட முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது, அத்தை. படுத்துப் படுத்து இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து புண்ணாகிறது. வீட்டுக்கு வீடு கலர் டி.வி. கொடுத்தார்களே, நமக்கும் வந்தது. அது அணைந்தே கிடக்கிறது, ஏனென்றால் சத்தம் கேட்டால் செவலை திடுக்கிட்டுத் தையலை இழுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். காது அரிக்கும்போதுதான் தாங்க முடியவில்லை. இல்லாத காலால் சொறிகிறது. தையல் போட்ட இடத்தில் சதை மட்டும் விருக் விருக்கென்று துடிக்கிறது. சுகமாகக் கண்ணை மூடிக்கொள்கிறது, காதுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. நான் ஓடிப்போய் வாளிக்குள் கையை விட்டுச் சொறிந்துவிடுவேன். உங்கள் மகன் அதைப் பார்த்த அன்றுதான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"போதும் வசந்தா. அது படுற பாட்ட என்னால பாக்க முடியல. திங்கக்கெழம டாக்டர வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு மாமா?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? நிம்மதியாப் போவட்டும்."

"நிம்மதி அதுக்கா, உங்களுக்கா?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும் அவர் இப்படித்தான், பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்றார். நான்தான் உள்ளே இருந்தேன். இப்போதும் நான்தான் இருக்கிறேன்.

வேறு வழி தெரியாமல் மணவாளநல்லூர் போனேன். கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது எழுதிக் கட்டினால் அந்த முருகன் விசாரிப்பார் என்பார்களே. தாளை வைத்துக்கொண்டு, யார் மேல் பிராது கொடுப்பது என்று நின்றேன். டிராக்டர்காரர் மேலா, மழை மேலா? ஒருவேளை உங்கள் மேல்தான் கட்டியிருக்க வேண்டுமோ? ஆசையாக வளர்த்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போனது நீங்கள்தானே? வெற்றுத் தாளோடு திரும்பி வந்தேன்.

நாம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த அதே பீங்கான் பட்டறையில்தான் இன்னும் வேலை செய்கிறேன். மறுநாள், சூளையிலிருந்து வந்த பிள்ளையார் பொம்மைகளில் ஒட்டியிருந்த மணலைக் காபரண்டம் என்கிற சாணைக்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தேன். நினைப்பெல்லாம் வீட்டில். கை போன போக்கில் ஒரு பிள்ளையாரின் தொப்பையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். "என்னாம்மா, நெனப்பு எங்க இருக்குது? மெருகு பூரா போச்சி பாரு" என்று மேஸ்திரி அதட்டினார். தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவரிடமே ஒரு கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவலை படுத்திருக்கிற மூலையிலிருந்து பின்கதவைப் பார்க்க ஆரம்பித்தேன். தண்ணீர் ஊற்றி, கல்லை அழுத்தி, ஒவ்வொரு டைல்ஸாக மெருகு மங்கும்வரை தேய்க்க வேண்டும். உளியால் கொத்தினால் சீக்கிரம் முடியும், ஆனால் உடைந்த மெருகின் விளிம்பு பிளேடு மாதிரி அதன் உள்ளங்காலைக் கிழிக்கும். அதனால் தேய்ப்புதான். வேலைக்குப் போகுமுன் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, துணியைச் சுற்றிக்கொண்டு தேய்க்கிறேன். செல்வி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, தரையத் தேச்சிப் பளபளப்பாக்குறவளப் பாத்திருக்கேன், பளபளப்பத் தேச்சி எடுக்குறவள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். சிரித்து வைத்தேன்.

உங்கள் மகன் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"அம்மா போட்ட தர இது. அம்மா இருந்திருந்தா உன்ன வூட்டவுட்டே தொரத்தியிருக்கும்."

"அத்த இருந்திருந்தா அவங்களே கல்ல எடுத்திருப்பாங்க."

"அம்மாவுதுன்னு மிச்சம் இருக்குறது இது ஒண்ணுதான் வசந்தா."

"அப்ப செவல யாருது மாமா?"

நான் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை. நீங்கள் கல்லை எடுத்திருப்பீர்களா, அத்தை? இல்லை, நானும் நாயும் சேர்ந்து தொலைந்து போங்கள் என்றிருப்பீர்களா? தேய்க்கும்போதெல்லாம் நீங்கள் பின்னால் நின்று பார்ப்பது போலவே இருக்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து உட்கார்ந்து கூடத்தின் பாதி வரை வந்துவிட்டேன். கொல்லைக்குப் போகிற பின்கதவு இன்னும் தூரத்தில் இருந்தது. மதியத்துக்கு மேல் கை மரத்துப்போய்விட்டது. சுவரில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதேன். "எழுந்திருடா, எழுந்திருச்சித் தொலடா" என்று அதைத் திட்டினேன். நாளைக்கு உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அதன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஒரு வாயில்லா ஜீவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

வாளிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு முன்னங்காலை நீட்டித் தேய்த்த தரையைத் தொட்டது. நகம் பிடித்தது. இன்னொரு முன்னங்காலையும் வைத்தது. துண்டை எடுக்கக்கூட நான் அசையவில்லை. இடுப்பைத் தூக்கியது, ஆடியது, விழப் பார்த்தது, நின்றது. மூன்று காலில் நின்றது, அத்தை. நகம் கரகரக்க ஒவ்வொரு டைல்ஸாகத் தாண்டி வந்தது. வாளி என் முழங்காலில் இடித்தது. என்னையும் தாண்டிப் போனது.

தேய்த்த இடம் முடிந்ததும் நின்றுவிட்டது. எதிரே நீங்கள் துடைத்துத் துடைத்து வைத்த பளபளப்பு. அதற்கப்பால் பின்கதவு, கொல்லை, மழை. மூக்கைத் தூக்கி ஈரமண் வாசனையை இழுத்தது. நான் கதவருகே போய் நின்று கூப்பிட்டேன். ஒரு காலை முன்னே நீட்டி, மின்னுகிற தரையைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. உடம்பெல்லாம் நடுங்க அங்கேயே நின்று என்னைப் பார்த்துவிட்டு, மெல்ல உட்கார்ந்துவிட்டது.

உங்கள் மகன் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து, செவலை கால் வைக்காத டைல்ஸின் மேல் ஊற்றினார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கீழே கிடந்த கல்லை எடுத்துக்கொண்டார்.

அவர் தேய்க்கிற சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் கையைத்தான் சொல்ல வேண்டும். செவலை இன்னும் ஒன்றும் தின்னவில்லை. மூத்திரமும் போகவில்லை. இடுப்புப் புண் அப்படியே இருக்கிறது. நாளைக்கு வர வேண்டாம் என்று டாக்டருக்கு உங்கள் மகன் இன்னும் செல்போனில் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று கேட்க எனக்கும் தைரியம் இல்லை. ஒரு தடவை நின்றது, மறுபடியும் நிற்குமா? யாரைக் கேட்பது?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் வரும்போது கதவு வரைக்கும் ஒரு டைல்ஸில்கூட யார் முகமும் தெரியாது. உங்களுக்குக் கோபம் வந்தால் கனவில் வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அப்படியும் செவலை போய்த்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் தானாக நடந்து கொல்லைக்குப் போய், மண்ணில் நின்று, மழையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அதுவரை ஊசியோடு யாரையும் உள்ளே விட மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் அண்ணன் மகள்,
உங்கள் வாய்க்குப் பயந்த மருமகள்,
வசந்தா