மணி அடிக்காத வெள்ளிக்கிழமை

சிகாகோ,
பிப்ரவரி 9, 1953

அன்புள்ள அம்மாவுக்கு, வெர்லீன் வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முட்டிவலி தேவலையா? எனக்கு லேசான இருமல்தான். பாட முடிகிறது, கவலைப்படாதீர்கள்.

நான் பாடும் சப்பர் கிளப்பில், அதாவது இரவுச் சாப்பாட்டோடு பாட்டும் நடக்கும் இந்த விடுதியில், 1931-இல் திறந்த நாள் முதல் ஒரு சட்டம் உண்டு. சமையலறையில் மணி அடித்தால், எவ்வளவு பெரிய பாடகியானாலும் பாதி வரியில் நிறுத்திவிட வேண்டும். சூடான தட்டுகள் மேசைக்குப் போன பிறகுதான் மீதிப் பாட்டு. முதல் வாரம் இது தெரியாமல் தொடர்ந்து பாடி, முதலாளி ஹாலோவேயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இங்க சாப்பாடுதாம்மா முதல்ல. பாட்டு தொட்டுக்கத்தான்!"

போன வெள்ளிக்கிழமை, துணி துவைக்கும்போது நீங்கள் பாடுவீர்களே, அந்தப் பாட்டை எடுத்தேன். கடைசி வரி நெருங்கியும் மணி வரவில்லை. திரும்பிப் பார்த்தால், சமையல்காரி ஒடெசா கரண்டியோடு கதவருகே நிற்கிறாள்.

"கறி ஆறுது, மணிய அடி!" என்று ஹாலோவே கத்தினார்.

"ஆறட்டும் முதலாளி. இருபத்திரண்டு வருஷமா நான்தான் அந்தப் பாழாப்போன மணிய அடிக்கிறேன். இன்னிக்குக் கை வரல. பொண்ணு முடிக்கட்டும்."

முடித்தேன் அம்மா! கூடமே எழுந்து நின்று கைதட்டியது. ஆறிய கறியை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள் ஹாலோவே மணியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

அத்திப்பழ ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். உங்கள் பழைய சமையல் ஏப்ரனில் சுற்றி அனுப்புங்கள். அதைத் துவைக்க வேண்டாம்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். மணியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட உதவும். ஆனால் நீங்கள் பாடிக்கொண்டிருந்தால், அவர் காத்திருக்கட்டும்.

உங்கள் வெர்லீன்