காலையில் கேசரி, சாயங்காலம் பட்டினி

23.9.1985, திங்கள்

ரேடியோ மாமா, இன்றைக்கு நம்ம கடையில் ஈ கூட இல்லை. புரட்டாசி மாசம், எவன் கறி தின்கிறான்? வந்தது சிட்லபாக்கம் லாசரஸ் சார் ஒருத்தர்தான். அரைக் கிலோவை இலையில் வைத்துப் பேப்பர் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். என்ன சார் என்றேன். "இன்னைக்கு என்ன நாள்னு ஜெயவேலு சொல்லுவாரு. கறிய வாங்குனா காது தானா அதுக்குக் காத்து நிக்குது" என்றார்.

கறி சுற்றுகிற பழைய பேப்பரில் 'இதே நாளில்' என்று போட்டிருப்பதையெல்லாம் படித்துவிட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுவாயே, அதனால்தானே தெருவே உன்னை ரேடியோ என்றது. அஞ்சாவது படித்த எனக்கு அதெல்லாம் வருமா? "இன்னிக்குத் திங்கக்கெழம சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

உனக்குத் திதி சனிக்கிழமையே கொடுத்தாயிற்று. அது ஐயர் கணக்கு. தெருவுக்குத் தெரிந்தது தேதிதான். காந்தி ஜெயந்தி அன்றைக்குப் போனவர் என்றுதான் உன்னைச் சொல்கிறார்கள்.

26.9.1985, வியாழன்

கனகவல்லியைப் பார்க்க அவள் மாமியார் தாயாரம்மாள் வந்தாள். தலைப் பிரசவத்துக்குப் பொண்ணு இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. அக்டோபர் முதல் வாரம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தாயாரம்மாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"தாத்தா செத்த தேதியில பொறந்துச்சுன்னா, அதுக்குப் பொறந்த நாளுன்னு ஒண்ணு கெடைக்குமா? வருசா வருசம் நீ மூக்கைச் சிந்திகினு இருப்பே. கொழந்த உன் மூஞ்சியப் பாத்துகினு குந்தினு இருக்கும்."

பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பொய்யா சொன்னாள்? அன்றைக்கு எழுந்து முகம் கழுவ முடியுமா என்றே எனக்குத் தெரியவில்லை. முருகா, ஒரு நாள் முன்னே கொடு. இல்லையா, ஒரு நாள் பின்னே கொடு.

28.9.1985, சனி

வல்லியை ஏரிக்கரையில் நடக்க வைத்தேன். நடந்தால் சீக்கிரம் வலி எடுக்கும் என்பார்கள். பாதிக் கரையில் நின்றுவிட்டாள். "யம்மா, உள்ள கீறது எலெக்ட்ரிக் ட்ரெயின் இல்ல. நீ கொடி காட்டுனதும் கெளம்பாது" என்றாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

29.9.1985, ஞாயிறு

குன்றத்தூர் மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குக் கால் வலி. வல்லிக்கு ஒரு வலியும் இல்லை.

1.10.1985, செவ்வாய்

மத்தியானம் வலி எடுத்துவிட்டது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. சாயங்காலத்துக்குள் ஆகிவிடும். ஆகிடணும் மாமா.

2.10.1985, புதன்

ஆகவில்லை. இன்றைக்குக் காலையில்தான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது நான் குழந்தை முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைத்தான் பார்த்தேன். சிவப்பில் பெரிதாக இரண்டு. தாயாரம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டேன். அவள் சொன்னபடியே ஆச்சே — பிறந்த அன்றைக்கே இந்தக் குழந்தைக்கு என் அழுமூஞ்சிதானா?

அப்போதுதான் கட்டிலிலிருந்து வல்லி கேட்டாள். "யம்மா, கேசரி எங்கே?"

எனக்குப் புரியவில்லை.

"இன்னிக்கு ரெண்டாந் தேதியாச்சே. காலைல நம்ம வூட்ல கேசரி உண்டே. பசிக்குது."

எப்படி மறந்தேன் மாமா? கறிக்கடையை மூடச் சொல்கிற நாள். நீ வீட்டில் இருக்கிற நாள். காந்தி பிறந்ததற்குக் காலையில் கேசரி. அதே தேதியில் காமராஜர் போனதற்குச் சாயங்காலம் பட்டினி. அவர் போன பிறகு ஒரு வருஷம் தவறவிட்டாயா? ஒரே நாளில் சிரிப்பும் அழுகையும் என்ன பைத்தியம் என்று திட்டுவேன். "காலைல ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர். அவங்களுக்குள்ள இன்னா சண்டை?" என்பாய்.

போன வருஷமும் கேசரி தின்றுவிட்டுத்தானே பட்டினி உட்கார்ந்தாய், அப்படியே நாற்காலியில் சாய்ந்தாய். எனக்கு அந்தச் சாயங்காலம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பொண்ணுக்குக் காலையும் ஞாபகம் இருந்திருக்கிறது.

ஓட்டமாக வீட்டுக்குப் போய் ரவையை வறுத்தேன். தூக்குச் சட்டி நிறைய எடுத்துவந்து வார்டு முழுக்கக் கொடுத்தேன். வல்லிக்குப் பத்தியம், ஒரு ஸ்பூன்தான். தாயாரம்மாள் இரண்டாம் தடவை கையை நீட்டிக்கொண்டே, "இன்னா, மூக்கைச் சிந்தலியா?" என்றாள்.

"அதுக்குத்தான் சாயங்காலம் கீதே, அண்ணி" என்றேன்.

சாயங்காலம் பட்டினி கிடந்து நன்றாக அழுதேன். பேத்தி என்னைவிடச் சத்தமாக அழுதாள்.

14.11.1985, வியாழன்

லாசரஸ் சாரிடம் கறியோடு சேர்த்து, "இன்னிக்கு நேரு பொறந்த நாள் சார்" என்றேன். அது எனக்கே தெரியுமே அம்மா என்றார். இருக்கட்டும். நீயும் ஒரே நாளில் ரேடியோ ஆகிவிட்டாயா என்ன?

2.10.1986, வியாழன்

ஜெயாவுக்கு ஒரு வயது. உன் பேரில் பாதியை அவளுக்கு வைத்திருக்கிறோம். தாயாரம்மாள் நெய்யும் முந்திரியும் எடுத்துக்கொண்டு முடிச்சூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். அடுப்படியில் நின்று எனக்கே கேசரி கிண்டச் சொல்லிக்கொடுக்கிறாள். ஊட்டின கேசரியைக் குழந்தை என் புடவையில் துடைத்துவிட்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினாள். எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன் பட்டம் போச்சு மாமா.

இப்போது சாயங்காலம். நான் பட்டினி. எனக்கும் வேண்டாம் என்று தாயாரம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கைச் சிந்துவது அவள்தான்.

கேசரி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்களுக்கென்ன, கொடுத்தால் தின்பார்கள். கரண்டியை நக்கிப் பார்த்து, இன்னும் ஒரு கை போடு என்று சொல்கிறவன் நீதானே.

சர்க்கரை போதுமா மாமா?