மூக்கில் வைத்த பாரம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தைக் கழற்றினேன். முன்னறைக்குப் போய் உங்கள் கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன். பசையும் தின்னரும் கலந்த அந்த மணம் இன்னும் உள்ளேயே அடைந்து கிடக்கிறது. வழக்கமாக அந்த மணத்தோடு கொஞ்ச நேரம் நிற்பேன். இன்று நிற்கவில்லை. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை, நீங்கள் செய்த ஒவ்வொரு மாதிரி விமானத்தின் மூக்கிலும் காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். வெளியே பனி மூடி ரயில் பாதைகூடத் தெரியவில்லை. யாராவது ஜன்னல் வழியே பார்த்திருந்தால், புருஷன் இறந்துபோனதில் டீச்சருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கலங்கவில்லை. சந்தேகம்தான். எனக்கு அது பழகிய சாமான் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை சந்தேகம் உங்கள்மீது.

நான் டயகமவில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து படித்து, ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவள். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கணிதம் படிப்பிக்க வந்தவர். கல்யாணமான புதிதில் நீங்கள் 'நீர்', 'உமக்கு' என்று பேசுவது எனக்கு யாரோ கோபமாகப் பேசுவதுபோல ஒலிக்கும். அதைவிட விசித்திரமாக இருந்தது உங்கள் மேசை. வெளிநாட்டிலிருந்து உங்கள் ஒன்றுவிட்ட தம்பி அனுப்பும் பெட்டியைத் திறந்தால், சட்டங்களில் காய்த்துத் தொங்குவதுபோலச் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். அவற்றை வெட்டி எடுத்து, அரம் போட்டு, ஒட்டி, ஒட்டிய கோடு தெரியாமல் ஈரத் தேய்தாளால் தேய்த்து, நிறமடிப்பீர்கள். பனி இறங்கிய நாளில் வார்னிஷ் அடித்தால் பால் சிந்தியதுபோல வெளுத்துவிடும் என்று, வெயிலுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள். எல்லாம் போர் விமானங்கள். ஒரு நாள் கேட்டேன்.

"பிளேனுதான் செய்யணும்னா, ஆளுங்க போற பிளேனாப் பாத்து செய்யக் கூடாதாங்க?"

"சின்ன வயசில இந்தச் சாமான் மேல வந்தா நாங்கள் பங்கருக்குள்ள ஓடினனாங்கள்" என்றீர்கள், கண்ணை எடுக்காமல். "இப்ப பாரும், நான் விட்டாத்தான் இதுக்குச் சில்லே இறங்கும்."

மூக்கில் பாரம் வைக்கும் விஷயத்தையும் அன்றுதான் சொன்னீர்கள். சில விமானங்களுக்கு முன்சக்கரம் மூக்குக்குக் கீழே இருக்கும்; பிளாஸ்டிக்கின் எடையெல்லாம் பின்னால் இருக்கும். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன் மூக்குக்குள் பாரமாக எதையாவது பதித்து வைக்காவிட்டால், முடித்து மேசையில் வைத்ததும் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் குந்திவிடும்.

அந்தப் பாரத்துக்கு வழி சொன்னவர் ரோஹன. பஸ் நிலையத்துக்குப் பின்னால் டிவி, ரேடியோ திருத்தும் கடைக்காரர். ஒரு காலத்தில் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். சிங்களவர் என்றாலும் ஹட்டனில் வளர்ந்ததால் எங்கள் தமிழையே பேசுவார். நீங்கள் அவர் கடையில் மெல்லிய பிரஷ் இருக்கிறதா என்று கேட்கப் போய், இருவரும் இறக்கை ஒன்றைப் பற்றி மத்தியானம் வரை பேசிவிட்டு வந்தீர்கள். அடுத்த ஞாயிறே அவர் வீட்டுக்கு வந்தார்.

"ஈயச் சன்னம் வைங்க மாஸ்டர். மூக்குக்குள்ள எடமோ கொஞ்சம், பாரமோ கூட வேணும். ஈயத்த அடிச்சிக்க வேற ஒன்னும் இல்ல."

அவருடைய மாமா ஒருவர் மரக்கறித் தோட்டத்தில் பன்றி விரட்ட லைசன்ஸ் துவக்கு வைத்திருந்தார். அந்தத் தோட்டாவிலிருந்து கொட்டி எடுத்த சன்னத்தை, சின்னச் சின்ன ஈய உருண்டைகளை, ரோஹன ஒரு மருந்துப் போத்தலில் போட்டு, மூடியைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டிக் கொண்டுவந்து தந்தார். டேப்பின் நுனியை மடித்து விட்டிருந்தார், பிரிக்க இலகுவாக இருக்கட்டும் என்று. போர் உச்சத்தில் இருந்த காலம் அது. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரின் வீட்டில், போர் விமானத்துக்குள், துவக்குச் சன்னம். விமானம் குந்தாமல் நிற்கவேண்டும் என்பதைத் தவிர உங்கள் இருவர் மூளையிலும் வேறெதுவும் ஓடவில்லை. அல்லது உங்கள் மூளையில் மட்டும் ஓடவில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் இத்தனை வருடமாகச் சொல்லிப் பார்த்து வருகிறேன்.

ஒரு நாள் வீட்டைச் சோதனையிட வந்த பொலிஸ்காரர்கள் நேராக முன்னறைக்குத்தான் வந்தார்கள். படுக்கையைப் புரட்டவில்லை, அரிசிப் பானையைக் கிளறவில்லை. அவர்களில் பெரியவர் அலுமாரியிலிருந்து ஒரு விமானத்தை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கலகலத்தது. உங்கள் பசை விட்டிருந்தது.

"இதற்குள் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பாரம், சேர்" என்றீர்கள் நீங்களும் சிங்களத்தில். "வாலில் குந்தாமல் இருக்க."

அவர் அதைக் கையாலேயே நசுக்கினார். சன்னங்கள் சீமெந்துத் தரையில் சிதறி ஓடின. ஒன்று என் காலடியில் வந்து நின்றது. அதை மிதிப்பதா எடுப்பதா என்று தெரியாமல் நின்றேன். தொலைபேசியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் தொடவுமில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. அப்படியிருக்க, அவர்கள் உங்களைச் சப்பாத்துப் போடச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோஹனவின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது.

"சன்னத்தை நான்தான் கொடுத்தேன்" என்று அவர்களிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க டீச்சர், நானும் கூடப் போறேன்" என்றார். உங்களோடு அதே ஜீப்பில் ஏறினார். மாலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் திரும்பி வந்தீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

"மனுசன் எனக்குச் சோத்துப் பார்சலும் எடுத்துத் தந்தவர், தெரியுமோ?"

"அவருக்கு யாருங்க சொன்னது?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னா என்ன? வந்தவர்தானே."

"நான் கூப்பிடல. நீங்களும் கூப்பிடல. அப்புறம் எப்படிங்க தெரியும்?"

"இஞ்ச பாரும், உமக்கு எல்லாத்திலயும் ஒரு சந்தேகம்" என்றீர்கள். சிரித்துவிட்டு, இரவுக்கு என்ன கறி என்று கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை எடுத்தாலும் உங்களிடம் இருந்தது அதே சிரிப்புத்தான். ரோஹன ஞாயிறு தோறும் வந்தார். நான் முன்னறை வாசலில் கதிரையைப் போட்டு, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருப்பேன். அவரைத் தனியே விட்டு நீங்கள் கைகழுவப் போனால், என் பேனை நின்றுவிடும். அதை நீங்கள் கவனித்தீர்கள். "ரோஹன, கவனம், எங்கட வீட்டில ஒரு பொலிஸ் இருக்கு" என்பீர்கள். அவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். "டீச்சர் முன்னாடி எனக்கு உச்சா வந்தாக்கூடக் கேட்டுட்டுத்தான் போகணும்" என்பார். எனக்கு உடம்பு கூசும். உலகத்திலேயே சந்தேகம் பிடித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்வேன்.

போர் முடிந்த பிறகு அவர் மறுபடியும் சன்னம் கொண்டுவரத் தொடங்கினார். அதே மருந்துப் போத்தல், அதே மஞ்சள் டேப். "இனி யாரும் கேக்கமாட்டாங்க மாஸ்டர்" என்று சொல்லித் தருவார். "பெரிய உபகாரம்" என்று வாங்கிக்கொள்வீர்கள்.

போன ஞாயிறும் வந்தார். நீங்கள் போன பிறகும் மாதத்தில் ஒரு தடவையாவது வருகிறார். உங்கள் மேசைக்கு எதிரே உட்காராமல் நின்றுகொண்டே, நீங்கள் முடிக்காமல் போன இரட்டை வால் விமானத்தின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒன்னு கேக்கவா? இத நான் முடிச்சுத் தரவா? மாஸ்டர் இதுக்காக எத்தன மாசம் காத்துக்கிட்டிருந்தாரு. எனக்கும் இப்ப கை நடுங்குது. இன்னும் ஒரு வருசம் போனா என்னாலயும் முடியாது."

பார்க்கலாம் என்றேன்.

"மூக்குல பாரம் வச்சிட்டாரா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "இந்த மாடலு ரொம்பக் குந்தும். அதான் கொண்டாந்தேன்."

விமானம் செய்யும் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனாலும் ஊரில் எத்தனையோ கேள்விகள் இருக்க, அவர் வாயில் வந்தது மூக்கைப் பற்றிய கேள்வி. அவர் போன பிறகு உங்கள் மேசை இழுப்பறைகளைத் திறந்தேன். வரும் ஞாயிறு அவர் கை வைப்பதற்கு முன், எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றுதான். அடி இழுப்பறையில், பழைய பரீட்சைத் தாள்களுக்குப் பின்னால், மருந்துப் போத்தல்கள் நிறைந்திருந்தன. எல்லாம் ரோஹன தந்தவை. எதிலும் மஞ்சள் டேப் பிரிக்கப்படவில்லை. நுனி மடித்தது மடித்தபடியே இருந்தது.

பிறகு இரட்டை வால் விமானத்தின் பெட்டியைத் திறந்தேன். நடு உடலின் இரண்டு பாதிகளும் ஒட்டாமல் இருந்தன. பாரத்தை மட்டும் நீங்கள் வைத்து முடித்திருந்தீர்கள். மூக்குக்குள், பசையில் பதித்து, சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள்.

சைக்கிள் கடையில் அவற்றை எப்போது வாங்கினீர்கள்? எனக்குத் தெரியாமல் எங்கே வைத்திருந்தீர்கள்? ஒரு விமானத்தில் மட்டும்தானா? வாரம் முழுக்க வகுப்பில் நிற்கும்போதும் இதே நினைப்பு. நேற்று எட்டாம் வகுப்புக்குக் காந்தப் பாடம் எடுத்தேன். ஈயத்தைக் காந்தம் இழுக்காது, இரும்பை இழுக்கும் என்று பலகையில் எழுதிவிட்டு, அதே வரியை மறுபடியும் கீழே எழுதினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதனால்தான் இன்று காலை காந்தம். மேல் தட்டில் இருப்பவை சோதனைக்கு முன் செய்தவை. அன்று நசுக்கப்பட்டதைப் போலவே நீங்கள் செய்த இன்னொன்றும் அங்கேதான் இருக்கிறது. அவற்றின் மூக்கில் காந்தம் வழுக்கி விழுந்தது. நடுத் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும், மூக்குக்குக் கீழே சக்கரம் உள்ள விமானம் ஒவ்வொன்றிலும் காந்தம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்றுகூடத் தவறவில்லை.

பயந்தீர்கள் என்று சொல்லலாம். பயந்திருந்தால் போத்தல்களை வீட்டில் வைத்திருக்கமாட்டீர்கள், ஆற்றில் எறிந்திருப்பீர்கள். உபகாரம் என்று வாங்கி, கும்பிடாத குறையாக நன்றி சொல்லி, பரீட்சைத் தாளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். அவர் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, "சன்னம் போதுமா மாஸ்டர்?" என்று கேட்கும்போதெல்லாம், "ஓமோம், தாராளம்" என்றீர்கள். அப்போது மூக்குக்குள் இருந்தது இரும்பு.

அப்படியானால் நீங்களும் நம்பவில்லை. என்னை விடவும் கூடுதலாக நம்பவில்லை. நானாவது வாசலில் உட்கார்ந்து வெளிப்படையாகச் சந்தேகப்பட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, இறக்கையைப் பிடித்துக்கொடுத்து, உள்ளுக்குள் சந்தேகப்பட்டீர்கள். வீட்டில் ஒரு பொலிஸ் இருக்கு என்ற அந்தப் பகிடி இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. நீங்கள் சொல்லவேண்டிய எச்சரிக்கைக்கு என் முகத்தை முகமூடியாக மாட்டிக்கொண்டீர்களா? என்னைக் கேலி செய்த ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்கு நான் காவலாக இருந்தேனா? அதைச் சொல்லிவிட்டே என்னைக் காவலுக்கு வைத்திருக்கலாமே. நான் இருந்திருப்பேன்.

மறுபக்கமும் யோசிக்கிறேன். காட்டிக்கொடுத்தவர் ஒருவர் அதே சன்னத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவாரா? குற்றமில்லாதவர்தான் அப்படிக் கொண்டுவருவார் என்று ஒரு மனம் சொல்கிறது. குற்றம் உள்ளவர்தான் நிறுத்தமுடியாமல் கொண்டுவருவார் என்று இன்னொன்று சொல்கிறது. கடைக்கு வந்த யாரோ பேச்சோடு பேச்சாகச் சொல்லி, அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கலாம். அன்று அவர் அந்த ஜீப்பில் ஏறாதிருந்தால் நீங்கள் அன்று மாலையே வந்திருப்பீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. எதையும் நிறுவ முடியாது. நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு வாய் வார்த்தையில் தீர்ந்திருக்கக் கூடியதை, இப்போது காந்தத்தை வைத்து நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாளை ஞாயிறு. அவர் வருவார். பெட்டியைக் கொடுப்பதா இல்லையா என்று நான் சொல்லியாகவேண்டும். முதலில் நினைத்தது, இரண்டு பாதிகளையும் நானே ஒட்டி மூடிவிட்டுக் கொடுப்பது. அவர் வெளியே நிறமடிக்கட்டும். உள்ளே இருப்பது உங்களுக்கும் எனக்கும் இருக்கட்டும். நீங்கள் அதைத்தான் செய்திருப்பீர்கள். பசைப் போத்தலைத் திறந்து, பிரஷ்ஷை எடுத்து, விளிம்பு வரைக்கும் கொண்டும் போனேன். மூடி வைத்துவிட்டேன். இவ்வளவு காலம் ஒரு ஆளோடு சிரித்துப் பழகி, உள்ளே வேறொன்றை வைத்து ஒட்டிக்கொள்ள என்னால் முடியாது. உங்களால் எப்படி முடிந்தது என்பதுதான் இனி நான் சுமக்கப்போகும் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. மற்றக் கேள்விக்கு ஆள் இருக்கிறார்.

கம்பஸில் படிக்கும் நம் மகள் இப்போதுதான் போனில் பேசினாள். "என்னம்மா, கொரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டாள். குளிர் என்று சொன்னேன். அவளுக்கும் சொல்லவில்லை.

இரண்டு பாதிகளையும் திறந்தபடியே அவர் முன்னால் வைப்பேன். அவர் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார். பக்கத்தில் அவருடைய போத்தல்கள் டேப் பிரிக்காமல் இருக்கும். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, வாசலில் இல்லாமல் உங்கள் கதிரையில் உட்கார்ந்து, "அன்னைக்கு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று அவரிடம் கேட்பேன். அவர் சொல்லும் பதில் எதுவாக இருந்தாலும், நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்பதாகவே இருந்தாலும், விமானத்தை அவரிடம் கொடுத்துவிடுவேன். உங்களைப்போலச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் மட்டும் கொடுக்கமாட்டேன்.