நீலத்துணிக் கட்டின் மேல் ஒரு தூக்கம்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பா சுகம், அவர் குறட்டை எங்கள் இருவரையும்விடச் சுகம். உன் சுகத்தை ஒளிக்காமல் எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஃபேக்டரித் துணிக் கட்டின் மேல் தூங்கிப்போனேன், எச்சில்கூட வடிந்துவிட்டது. எல்லாம் உங்கள் சமாதானக் காவல் ஆட்களுக்குக் கோட்டு தைக்க வந்த நீலத்துணிதான். மூன்று வருஷமாக நாங்கள் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டுதானே நீ அடித்துக்கொள்கிற இரண்டு ஊருக்கும் நடுவில் அந்த ஆற்றுப் பாலத்தில் காவல் நிற்கிறாய், இப்போது அந்த ஆர்டர் நின்றுவிட்டது. பெரிய சண்டை தொடங்கியதிலிருந்து பட்டாளத்துக்குப் பச்சைப் பேன்ட்டு மட்டும்தான். நீலம் என்னாச்சு என்று கேட்டால், சமாதானத்துக்கு இப்ப ஆர்டர் இல்லக்கா, பேசாம தையுங்க என்கிறார் சூப்பர்வைசர். நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய், நாற்பது பேரில் முப்பத்து நாலு பேரைப் பெரிய சண்டைப் பக்கம் கூட்டிப்போய்விட்டார்கள், ஜீப்பும் போயிற்று, மீதி ஆறு பேரும் இருப்பதா கிளம்புவதா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், நீலக் கோட்டு நிற்காவிட்டால் இரண்டு ஊர்ப் பெண்களும் பாலம் தாண்டிச் சந்தைக்கு வரமாட்டார்கள் என்று. அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஊரெல்லாம் புலம்புகிறார், பெரிய சண்டைய வேடிக்கை பாக்கவே ஆளு பத்தலை, சின்னச் சண்டைய யாரு விலக்குவா என்று, வீட்டுக்கு வந்தால் என்னிடம், அவள வரச் சொல்லுடி என்று. நானும் அப்படித்தான் எழுத இருந்தேன். தெருவில் சண்டை மூட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடி ஒளிகிற கழுதை நீ, உனக்கு எதற்கு விலக்குகிற வேலை.

ஆனால் அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு வந்தது. நீலத்துணி தானாகப் பிரிந்து பிரிந்து உங்கள் ஆறாகவே ஓடுகிறது, கூடை சுமந்த பெண்கள் கால் நனையாமல் அதன் மேல் நடக்கிறார்கள், நடுவில் நீ நின்று, ஓரமா போங்கக்கா, ஓரமா போங்க என்று இரண்டு பக்கத்தையும் ஒரேமாதிரி அதட்டுகிறாய். கரையில் நின்று நான் கூப்பிட்டேன், நீ திரும்பவே இல்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் சூப்பர்வைசர் தட்டி எழுப்பிவிட்டார். அதனால் வா என்று கூப்பிடவில்லை. இருக்கிறதென்றால் இரு, பயமாக இருந்தால் வா, இரண்டுக்கும் இந்த வீட்டுக் கதவு ஒன்றுதான். எச்சில் பட்ட துணியை இனி யாருக்கும் தர முடியாது என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள், அதில் உன் அளவுக்கு ஒரு கோட்டு தைத்து அனுப்புகிறேன். துவைத்துத்தான் அனுப்புகிறேன்.

இரண்டு கரையும் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். பாலத்தில் சுவர் ஓரமாக நில், வேளைக்குச் சாப்பிடு, வாரம் ஒரு வரியாவது போடு.

இப்படிக்கு,
உன் தையல்காரி அம்மா

பின்குறிப்பு: நேற்று உன் நினைப்பில் அறுபது பச்சைப் பேன்ட்டுகளை நீல நூலில் தைத்துவிட்டேன். ஐம்பத்திரண்டைப் பிரித்தாயிற்று. மீதி எட்டும் அதற்குள் லாரி ஏறிப் பட்டாளத்துக்குப் போய்விட்டன.